கீழாநெல்லியும் கண் பார்க்கும் வேலையும்

ஈஜிபுராவில் என் வாடகை வீட்டுப் படியோரம், சிமெண்ட் விரிசலில் கீழாநெல்லி முளைத்திருக்கிறது. செருப்பு மாட்டக் குனிந்தவள் ஓர் இலையைத் திருப்பினேன். அடியில் வரிசையாகப் பச்சை மணிகள்.

நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது அப்பாவுக்கு மஞ்சள் காமாலை. பீன்யாவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் படுத்திருக்கச் சொன்னார். அம்மா அதோடு கீழாநெல்லியை வேரோடு அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார். எண்ணெய் கூடாது, உப்பு கூடாது, வெயிலில் அலையக் கூடாது. தினமும் காலையில் ஜன்னலருகே அப்பாவின் கண்ணைப் பார்த்துச் சொல்வது என் வேலை.

"மேல பாருப்பா."

"வெள்ளையாயிடுச்சுன்னு அம்மாகிட்ட சொல்லு கண்ணு. வேலைக்குப் போகணும்."

"இன்னும் மஞ்சளாத்தான் இருக்கு. உன் கையில பஜ்ஜி வாசனை வேற வருது."

அப்பா சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே அம்மா அம்மியில் அரைக்கும் சத்தம் நின்றது.

இன்று காலையிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பொம்மசந்திராவில் தனியாக அறை எடுத்திருக்கும் தம்பி, சில நாளாகச் சோறு இறங்கவில்லை என்கிறான். படியிலேயே உட்கார்ந்து வீடியோவில் அழைத்தேன்.

"மேல பாருடா."

"வெறும் கேஸ் ட்ரபிள்தான்க்கா. நீ வேற."

"கண்ணு ஏன் மஞ்சளா இருக்கு?"

"இந்த பல்புல எல்லாமே அப்படித்தான் தெரியும்."

"அப்போ ஜன்னலுக்கு வா."

முணுமுணுத்துக்கொண்டே வந்தான். வெளிச்சம் முகத்தில் விழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டான்.

"சட்டைய மாட்டுடா. ஆஸ்பத்திரிக்குப் போகணும். நான் கெளம்பிட்டேன்."