பிறந்த வீட்டுக் கோடி

டீச்சர் எனக்கு முதன்முதலில் கொடுத்தது திட்டுதான். அரியலூரில் அவர் வீட்டு முன்னறைக்குக் குடிவந்த அன்று, தையல் மெஷினை வாசல் நடுவில் இறக்கி வைத்துவிட்டேன். "ஏண்டி, நாங்கள்லாம் தாண்டிக் குதிச்சா போறது?" என்றார். அந்த வீட்டில் அவரைத் தவிர யாருமே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும்தான். புருஷன் விட்டுப் போன பிறகு நான் அன்றுதான் சிரித்தேன்.

டீச்சருக்குப் பிள்ளைகள் கிடையாது. கணவர் இளவயதிலேயே போய்விட்டார். சம்பளத்தில் சிறுகச் சிறுகக் கட்டிய வீடு அது. சிமெண்டு லாரி போகும் சாலை என்பதால் எத்தனை முறை துடைத்தாலும் ஜன்னலில் புழுதி அடையும். "தொடைச்சது போதும் வாடி, சீரியல் ஆரம்பிச்சிருச்சு" என்பார். வில்லிக்கு அவர் விடும் சாபத்தைக் கேட்கவே நான் மெஷினை நிறுத்திவிட்டுப் போவேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் விக்கிரமங்கலத்து அண்ணன் வீட்டிலிருந்து சீர் வரும் என்று தலைக்குக் குளித்துக் காத்திருப்பார். வராது. "வரட்டும், வாசல்லயே நிக்க வச்சுத் திட்டுறேன்" என்று சொல்லிக்கொண்டே தெருவைப் பார்ப்பார்.

பிறகு பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தலை சீவுவது எல்லாம் நான்தான். பெற்றவளுக்கு இதைச் செய்ய எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

வீட்டை என் பெயருக்கு உயில் எழுதினார். அது தெரிந்ததும் அண்ணன் மகன்கள் இருவரும் ஓடி வந்தார்கள். "அவ எந்தத் தெருக்காரின்னு தெரியுமா அத்தை?" என்று மூத்தவன் கத்தினான். "தெரியும்டா. நான் எப்படிக் கெடக்கேன்னு ஒனக்குத் தெரியுமா?" என்றார் டீச்சர், கோணிய வாயோடு. அவர்கள் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "காலி பண்ணுன்னு ஒருத்தனும் ஒன்னயச் சொல்லக் கூடாது. அதுக்குத்தாண்டி."

எங்கள் பக்கத்தில் பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச்சேலை வந்தாக வேண்டும். ஊரே சேலை போர்த்தினாலும் அது வராவிட்டால் நாதியற்றவள் என்றுதான் பேச்சு. டீச்சர் இறந்த அன்று அண்ணன் மகன்கள் சேலைப் பையோடு வந்து பந்தலில் உட்கார்ந்துவிட்டார்கள். "வூடு வேணாம்னு அவ சத்தியம் பண்ணட்டும், கோடி போடுறோம்" என்றார்கள்.

வெயில் ஏறிக்கொண்டே போனது. பக்கத்து வீட்டு அக்கா என் காதில், "விட்டுறாத, பேசாம இரு" என்றார். டீச்சருக்கு வாய் இருந்திருந்தால், "கொண்டு போங்கடா ஒங்க சேலைய" என்று விரட்டியிருப்பார். ஆனால் பொங்கல்தோறும் தெருவைப் பார்த்த அந்த முகத்தை நான் அல்லவா பார்த்திருக்கிறேன்! கற்பூரத்தை ஏற்றினார்கள். டீச்சரின் கைமேல் என் கையை வைத்து, "வீடு எனக்கு வேண்டாம்" என்றேன்.

இப்போது பெரம்பலூரில் வாடகை வீட்டில் தைத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லியிருக்கிறார். அந்தச் சத்தியம் கோர்ட்டில் நிற்காது, கேஸ் போடலாம் என்கிறார் வக்கீல். டீச்சர் கைமேல் செய்ததை எப்படி மீறுவேன்? வீடு போனதற்காக நான் அழுததில்லை. சத்தியம் முடிந்த கையோடு நடந்ததை நினைத்தால்தான் நெஞ்சு வெடிக்கிறது.

குளிப்பாட்டுவதற்குப் பெண்கள் சுற்றிலும் சேலையை மறைப்பாகப் பிடித்தார்கள். வழக்கம்போல நான் சொம்பை எடுத்தேன். மூத்தவன் பெண்டாட்டி அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நீ வெளிய நில்லும்மா. சொந்தக்காரங்கதான் தண்ணி ஊத்தணும்."

வெளியே வந்துவிட்டேன். உள்ளே அவரைப் புரட்டுவது சேலையில் நிழலாகத் தெரிந்தது. விழுந்துபோன கையைச் சட்டென்று தூக்கினால் டீச்சர் துடித்துப்போவார். அது அவர்களுக்கு எப்படித் தெரியும்? "அந்தக் கைய மெதுவாத் தூக்குங்க, அவங்களுக்கு வலிக்கும்" என்று கத்தினேன்.

"செத்தவங்களுக்கு ஏதும்மா வலி?" என்றாள் உள்ளேயிருந்து ஒருத்தி. மளமளவென்று தண்ணீரை ஊற்றினார்கள்.