இடது மரை

டிக்கோயாவில் சரிபுதீன் முதலாளியின் லொறிப் பட்டறையில் மூக்கன் வேலை செய்த காலத்தில், துருப்பிடித்த நட்டு அசையத் தொடங்கும்போதெல்லாம் வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார். முதலில் மண்ணெண்ணெயில் ஊறவைப்பார். சுற்றிலும் சுத்தியலால் மெல்லத் தட்டுவார். அதற்கும் மசியாவிட்டால் ஊதுவிளக்கால் சூடு காட்டுவார். நட்டு கிரீச்சிட்டு நகரும் அந்தக் கணத்தில்தான் உதடு அசையும்.

“என்ன மூக்கன், மந்திரமா?” என்று முதலாளி ஒரு நாள் கேட்டார்.

“பேரு மொதலாளி.”

“சாமி பேரா?”

“சாமின்னுதான் முடியும். செல்லசாமி.”

செல்லசாமி, மூக்கன் முன்பு இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்த தேயிலைத் தோட்டத்தின் லொறி டிரைவர். பட்டாளம் விட்டுப்போன பழைய லொறி ஒன்று அங்கே கொழுந்து ஏற்றியது. அதன் இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகளுக்கு மரை தலைகீழ். மற்ற நட்டுகளைக் கழற்றும் திசையில் திருப்பினால் இவை இறுகும். ஒரு மழை நாளில் செல்லசாமி மூக்கனுக்காகக் காத்திராமல் தானே இடப்பக்கச் சக்கரத்தைக் கழற்றப் போனான். இறுக்குகிறோம் என்று தெரியாமல், ஸ்பானரில் இரும்புக் குழாயைச் செருகி ஏறி நின்று மிதித்தான். போல்ட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. மறுநாள் காலைப் பெரட்டில், தொழிலாளர்கள் வரிசையாக நிற்கையில், உடைத்தது மூக்கன்தான் என்றான்.

தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு விசாரிக்கவில்லை. அத்தனை பேர் முன்னாலும் மூக்கனை அறைந்து, வேலையிலிருந்து நீக்கினார். வேலை போனால் குடியிருந்த லயத்துக் காம்பராவும் போகும். அன்று மாலையே மூக்கனும் மனைவி வேலாயியும் சட்டி பானையோடு மழையில் இறங்கினார்கள். வீட்டுக்குப் பின்னால் வேலாயி போட்டிருந்த பீன்ஸ் அப்போதுதான் காய்த்திருந்தது. காம்பரா செல்லசாமியின் மச்சானுக்குப் போயிற்று, பீன்ஸும்.

இது ஐம்பத்துமூன்றில். அதன்பிறகு மூக்கன் அந்தத் தோட்டத்துப் பாதையில் கால் வைக்கவில்லை. காலம் ஆற்றிவிடும் என்று ஆறுதல் சொல்பவர்கள் எல்லா மனங்களையும் ஒரே வகையாக நினைத்துக்கொள்கிறார்கள். மூக்கனிடம் காலம் செய்தது ஈரம் இரும்பில் செய்யும் வேலை.

“செத்தவங்களக்கூட இத்தன வருசம் நெனைக்க மாட்டாங்க,” என்பாள் வேலாயி.

“செத்திருந்தா மறந்திருப்பேன்.”

செல்லசாமியின் சக்கரத்தில் நட்டைத் தளர்த்திவிட்டால் என்ன என்ற எண்ணமும் அவருக்கு வந்ததுண்டு. ஆனால் செத்தவன் வாயிலிருந்து உண்மை வராது. மூக்கனுக்கு வேண்டியது, அதே பெரட்டுக் களத்தில், அதே வாயால் ஒரு வார்த்தை.

அறுபத்திரண்டில் அதற்கு வழி பிறந்தது. கொழுந்து மூட்டைகளோடு செல்லசாமி ஓட்டி வந்த அதே பழைய லொறி பெரட்டுக் களத்தருகே டயர் வெடித்து நின்றது. இடப்பக்கப் பின் சக்கரம். மாற்றுச் சக்கரம் இருந்தது; துருவேறிய நட்டுகள்தான் அசையவில்லை. புதிய பிட்டர் காய்ச்சலில் படுத்திருந்தான். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை நுவரெலியாவுக்குப் போயிருந்தார். தொழிற்சாலை மலைக்கு அந்தப் பக்கம். மூட்டையில் அடைபட்ட பச்சைக் கொழுந்து சூடேறிச் சிவந்தால் குப்பை. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் கண்டாக்கு. அவர் பட்டறைக்கு ஆள் அனுப்பினார்.

“வேற ஆள அனுப்புறேன்பா,” என்றார் முதலாளி.

“நானே போறேன் மொதலாளி.”

களத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடையோடு நின்றார்கள். ஒரு காலத்தில் அடுத்த காம்பராவில் இருந்த அழகம்மா, “அட, மூக்கண்ணே! மொகம் மாறவே இல்லியே,” என்றாள்.

“மனசுந்தான் மாறல.”

ஐந்து நட்டுகளை மூக்கன் பொறுமையாகக் கழற்றினார். ஆறாவதில் ஸ்பானரை மாட்டிவிட்டுக் கையை எடுத்தார்.

“ஏன்டா நிறுத்திட்ட?” என்றார் கண்டாக்கு.

“செல்லசாமி ஒரு வார்த்த சொல்லணுங்க. அன்னிக்கு போல்ட்ட ஒடச்சது யாருன்னு.”

“உனக்கு மரை கழண்டுபோச்சா? கொழுந்து வேகுதுடா!”

“வேகட்டுங்க. நான் இப்ப உங்க தோட்டத்து ஆளில்ல.”

கண்டாக்கு ஒரு மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்து, வெடுக்கென்று எடுத்தார். “சொல்லித் தொலைடா,” என்று டிரைவரிடம் கத்தினார்.

செல்லசாமி தரையைப் பார்த்தான். “நான்தாங்க ஒடச்சேன். பயந்துபோயி அண்ணன் பேரச் சொல்லிட்டேன்.”

“பொம்பளைங்களுக்குக் கேக்கல,” என்றார் மூக்கன்.

அவன் உரக்கச் சொன்னான். அழகம்மா காறித் துப்பினாள்.

மூக்கன் ஸ்பானரைப் பிடித்தார். கண்டாக்கு பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

“இதுக்குத்தானா இத்தன கூத்து? எனக்கு அன்னிக்கே தெரியும்டா. டிரைவர் கெடைக்கிறது கஷ்டம், பிட்டர் நாலு பேர் வருவான். ம், கழட்டு!”

மூக்கன் அவரை ஏறிட்டுப் பார்த்தார். இத்தனை ஆண்டுகள் இரும்போடு முணுமுணுத்தது தவறான பெயர்.

பிறகு இரும்புக் குழாய் கேட்டு வாங்கி ஸ்பானரில் செருகி, இந்த முறை எதிர்த் திசையில் அழுத்தினார். முந்தைய நட்டுகள் எந்தப் பக்கம் திரும்பின என்பதைக் கண்டாக்கு கவனித்திருக்கவில்லை. அவர் கண் மூட்டைகள் மேலேயே இருந்தது. நட்டு கிரீச்சிட்டு நகர்ந்தது.

“அப்படித்தான்! அழுத்து! எல்லாரும் கை வைங்கடா!” கண்டாக்கு குடையால் தரையைத் தட்டினார்.

இரண்டு பேர் குழாயைப் பிடித்தார்கள். செல்லசாமிக்கு இப்போது அந்த மரை தெரியும். பதறி வாயைத் திறந்தான். மூக்கன் திரும்பி அவனைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு, அவனும் வந்து குழாயில் கை வைத்தான். பயமா, கண்டாக்கின் மேல் அவனுக்கும் ஏதாவது இருந்ததா, யாருக்கும் தெரியாது.

நட்டின் மூலைகள் மழுங்கி ஸ்பானர் வழுக்கியது. இனி உளி வைத்து வெட்டினால்தான் உண்டு.

“என்னடா ஆச்சு?”

“இறுகிப்போச்சுங்க. இந்தப் பக்கம் இடது மரைங்க. அன்னிக்கு விசாரிச்சிருந்தீங்கன்னா தெரிஞ்சிருக்கும்.” மூக்கன் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

கொழுந்து முழுவதும் சிவந்து ஓடையில் கொட்டப்பட்டது. இதை நீதி என்று சொல்ல முடியாது. அந்தக் கொழுந்தைப் பறித்த பெண்களுக்கு அன்று அரை நாள் சம்பளம்தான் விழுந்தது. டிக்கோயாச் சந்தையில் மூக்கனைக் கண்டபோது அழகம்மாவே அதைச் சொன்னாள்.

“அரப்பேருதான் போட்டாங்கண்ணே. பரவால்ல, கண்டாக்கு மூஞ்சியப் பாத்ததுக்கு மீதி சரியாப்போச்சு.”

மூக்கன் சிரிக்கவில்லை. “அவர தொரை என்ன செஞ்சாரு?”

“பெரட்டுல வச்சே கேட்டாரு. நாங்க எல்லாம் பாத்துக்கிட்டு நின்னோம்.”

“அடிச்சாரா?”

“திட்டுனாரு. இங்கிலீசுல.”

“அவ்வளவுதானா?” என்றார் மூக்கன்.