பிரேக் டீச்சர் கேட்ட கேள்விகள்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவளுக்கு 'பிரேக் டீச்சர்' என்று பெயர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை அவள் மிதிப்பதற்குள் வாய் மிதித்துவிடும். "கண்ணாடியப் பாத்தீங்களா? பின்னால வர்றவருக்கும் குடும்பம் குட்டி இருக்குல்ல?"

ஒருநாள் கண்ணாடியைச் சரியாகவே பார்த்த ஒரு பெண் கேட்டாள்: "மேடம், உங்க கண்ணு ஏன் மஞ்சளா இருக்கு?"

"என் கண்ண அப்புறம் பாக்கலாம். சிக்னலப் பாருங்க."

சொல்லிவிட்டாளே தவிர, வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக முகக்கண்ணாடி முன் போய் நின்றாள். மஞ்சள்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் கணவருக்கு முகம் விழுந்துவிட்டது. "நாள் முழுக்க ஊரார் கண்ணப் பாக்குறேன், வீட்டுக் கண்ணப் பாக்கலியே."

சாதாரணக் காமாலை என்றுதான் போனார்கள். ஒரு ஸ்கேன் இன்னொன்றுக்கு அனுப்பியது. கணையத்தின் தலைப்பகுதியில் ஒரு கட்டி பித்தக்குழாயை நெருக்கிக்கொண்டிருந்தது. உள்ளே சின்னக் குழாய் ஒன்றைப் பொருத்தியதும் மஞ்சளும், கூடவே படுத்திய உடம்பு அரிப்பும் இறங்கின. ஆனால் ஊசி போட்டு எடுத்த துணுக்கைப் பரிசோதித்துவிட்டு, புற்றுநோய் என்றார்கள்.

அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரம்மா முதல் சந்திப்பில் பொறுமையாகத்தான் பேசினார். இருவரும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு எழுந்து வந்தார்கள். கார் நிறுத்துமிடத்தில் அவள் கேட்டாள்: "டாக்டர் கடைசியா என்னங்க சொன்னாங்க?"

"நீ கேட்டுட்டிருந்தேன்னு நெனச்சேன்."

"நான் உங்கள நம்பி உக்காந்திருந்தேன்."

ஊரையே அதட்டி ஓட்டவைத்தவளுக்கு, புற்றுநோய் என்ற அந்த வார்த்தையைக் கேட்டபின் எதுவும் காதில் ஏறவில்லை. திரும்பப் போய் வாசலில் இருந்த நர்ஸிடம் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள். நர்ஸ் சிரிக்கவில்லை. "முக்கால்வாசிப் பேரு இப்படித்தாம்மா. அடுத்த வாரம் வர்றப்ப கேக்க வேண்டியத எழுதிட்டு வாங்க. ரொம்ப முக்கியமானத மேல எழுதுங்க, நேரம் போயிடும்."

ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். நடுவில் அவளுடைய அக்கா போனில் வந்து, யாரோ ஒருவர் எதையோ அரைத்துக் குடித்துக் குணமான கதையை ஆரம்பித்தாள். "அதையும் டாக்டர்கிட்டயே கேட்டுடறேன்க்கா" என்று அந்தக் கதைக்கும் பிரேக் போட்டாள்.

வேறெங்கும் பரவியிருக்கிறதா? கட்டியை எடுக்க முடியுமா? இந்த ஆபரேஷனை நீங்கள் அடிக்கடி செய்வதுண்டா? சர்க்கரை நோய் வருமா? காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது? மறுபடி காரில் உட்கார முடியுமா? கணவருக்கு எழுத்து முத்து மாதிரி. ஒவ்வொன்றையும் சிரத்தையாக எழுதினார். "நான் எவ்வளவு நாள் இருப்பேன்" என்று அவள் சொன்னதும் பேனா நின்றது.

"அதெல்லாம் வேண்டாம்."

"எழுதுங்க."

"வாயால கேட்டா அபசகுனம்."

"கேக்கலேன்னா மட்டும் போயிடுமா? எனக்குத் தெரியணும்ங்க."

அவர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய், ஏற்கெனவே கழுவிய தம்ளர்களை மறுபடி கழுவினார். அவளே பேனாவை எடுத்து, தன் கோழிக்கிறுக்கலில் எல்லாவற்றுக்கும் மேலே எழுதினாள்.

அந்த வாரம் டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்ததும் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "கேளுங்க." பேச்சைப் போனில் பதிவு செய்யவும் அனுமதித்தார். அவள் வாய் திறந்தாள். முதல் வரி மட்டும் வெளியே வரவில்லை. தண்ணீர் குடித்துப் பார்த்தாள், ஊஹும்.

அப்போது கணவர் காகிதத்தை வாங்கி, கண்ணாடியை மேலேற்றிக்கொண்டு வாசித்தார். "எவ்வளவு நாள் இருப்பான்னு கேக்குறா, டாக்டர். எனக்கும் தெரியணும்."

"கட்டிய எடுத்துப் பரிசோதிச்ச அப்புறம்தான் நேர்மையா ஏதாவது சொல்ல முடியும்" என்றார் டாக்டரம்மா. "இப்ப தெரிஞ்சதச் சொல்றேன். முக்கியமான ரத்தக்குழாய் எதையும் அது தொடல. பரவினதா ஸ்கேன்ல தெரியல. ஆபரேஷன் பண்ணலாம். இந்த நோய்ல நெறையப் பேருக்கு இந்த வாய்ப்பே கிடைக்கிறதில்லம்மா. உங்களுக்குக் கிடைச்சிருக்கு."

நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை யாரோ தூக்கி ஓரமாக வைத்த மாதிரி இருந்தது அவளுக்கு. மீதிக் கேள்விகளை அவளே மளமளவென்று கேட்டாள். பெரிய ஆபரேஷன், பிறகு மருந்துச் சிகிச்சையும் உண்டு, சர்க்கரை வந்தாலும் வரலாம் என்றெல்லாம் பதில் வந்தது. எதுவும் இனிப்பான செய்தி இல்லை. ஆனாலும் எல்லாம் புரிந்தது. அக்காவின் கஷாயத்தையும் விடாமல் கேட்டாள். "அது மட்டும் வேண்டாம்" என்றபோது டாக்டரம்மாவே சிரித்துவிட்டார்.

ஆபரேஷன் ஒரு பகல் முழுக்க நீண்டது. எழுந்து நடக்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கொஞ்சமாகவும் அடிக்கடியும் சாப்பிட வேண்டும், கூடவே செரிமான மாத்திரையும் விழுங்க வேண்டும். பரிசோதனை முடிவு வந்த காலையில் டாக்டரம்மா படுக்கையருகே நின்று சொன்னார்: "வெட்டி எடுத்ததோட ஓரமெல்லாம் சுத்தமா இருக்கு, புற்று எதுவும் மிச்சமில்ல. பக்கத்து நெணநீர்க் கட்டியிலயும் எதுவும் இல்ல. விடாம செக்கப்புக்கு வரணும், ஆனா இன்னிக்கு நல்ல சேதி."

கணவரிடம் சொல்லத் திரும்பினாள். அவர் நாற்காலியிலேயே வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அந்த வார்த்தையைக் கேட்ட நாளிலிருந்து அவர் சரியாகத் தூங்கியதில்லை என்பது அவளுக்குத் தெரியும். தட்டி எழுப்ப நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"தூங்கட்டும் டாக்டர்" என்றாள். "எந்திரிச்சதும் நானே சொல்லிக்கிறேன்."