இரண்டு பிரவுசர், ஒரு புடவை

ஏனாத்தூரில் இருக்கும் எங்கள் மென்பொருள் அலுவலகத்தில் மொத்தம் ஏழே பேர். என் பக்கத்து நாற்காலி மேரியுடையது. அவள் அப்பா தாவீது கொத்தனார். தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. மேரி டெஸ்டர். நாங்கள் செய்யும் வலைத்தளங்களில் கோளாறு தேடிப் பிடிப்பது அவள் வேலை. அதை அவள் ரசித்துச் செய்வாள், எங்களுக்குத்தான் எரிச்சல்.

போன தை மாதம் ஒரு பட்டுக்கடைக்குத் தளம் செய்தோம். எங்கள் ஊர்க் கடையில் ஒரு குடும்பம் பொறுக்கி ஓரமாக வைத்த புடவையை, அவர்கள் வேண்டாம் என்னும்வரை வேறு யாருக்கும் விரித்துக் காட்ட மாட்டார்கள். தளத்திலும் அப்படியே வேண்டும் என்றார் கடைக்காரர் சிட்டிபாபு. எல்லாம் ஒற்றைப் புடவைகள். ஒன்றை இரண்டு கல்யாண வீட்டுக்குக் கொடுப்பதாகச் சொன்னால் கடையின் மானம் கப்பலேறிவிடும்.

நிரல் எழுதிய அழகியமணவாளன் பிரவுசரில் இரண்டு டேப் திறந்து பார்த்தார். ஒன்றில் எடுத்து வைத்த புடவை மற்றதில் மறைந்தது. "பாத்தாச்சு, சரியா இருக்கு" என்றார்.

"ரெண்டு டேபும் ஒரே பிரவுசர்தானே சார்? ஒரே ஆள் ரெண்டு தடவ கடைக்கு வந்த மாதிரி. வேற வேற பிரவுசர்ல பாக்கணும்" என்றாள் மேரி.

இரண்டு பிரவுசர்கள் தாமாகத் திறந்து ஒரே புடவையைப் பொறுக்கும்படி ஒரு சோதனை எழுதினாள். ஓடவில்லை. ஜன்னல் திறக்கும், உடனே மூடிக்கொள்ளும். இரண்டு நாளாக இதே கூத்து.

முதலாளி திருஞானசம்பந்தத்துக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னாம்மா, ரெண்டு நாளா பொட்டிய மொறைச்சிக்கினு இருக்குற? வெள்ளிக்கிழம தளம் தொறக்குது. நாளைக்கு மதியத்துக்குள்ள ஓடலன்னா இதெல்லாம் மூட்ட கட்டிட்டு, போன் எடுக்குற சீட்டுக்குப் போயிடு."

மேரியின் முகம் சுண்டிப்போனது. எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

மறுநாள் காலையில் காரணத்தைப் பிடித்துவிட்டாள். பிரவுசரை ஆளில்லாமல் இயக்க டிரைவர் என்று ஒரு துணை நிரல் உண்டு. பிரவுசர் தானாகவே புதிய பதிப்புக்கு மாறியிருக்கிறது. டிரைவர் பழையதிலேயே நிற்கிறது. கருமம், இவ்வளவுதானா! இரண்டையும் ஒரே பதிப்பாக்கி, இனித் தானாக மாறாதபடி நிறுத்தினாள். ஒவ்வொரு பிரவுசரும் பழைய நினைவு ஏதுமில்லாமல் புது ஆளாகத் திறக்கவும் வழி செய்தாள்.

பதினொன்றரைக்கு ஓட்டினாள். இரண்டு ஜன்னல்களும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தன. இரண்டும் அதே மாம்பழ நிறப் புடவையை எடுத்தன. இரண்டிலும் "உங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறோம்" என்று வந்தது. கீழே சிவப்பெழுத்தில், தோல்வி.

மேரி துள்ளி எழுந்தாள். நான் கை தட்டினேன்.

"ஃபெயில் ஆனதுக்காப்பா கை தட்டுறீங்க?" என்று ஓடி வந்தார் முதலாளி.

"இதுதான் சார் நான் தேடினது. ஒரே பொடவ, ரெண்டு வீட்டுக்கு!"

அழகியமணவாளன் திரையையே பார்த்தார். எடுத்து வைத்த விவரத்தை எல்லோருக்கும் பொதுவான சர்வரில் எழுதாமல், வாங்குபவரின் பிரவுசரிலேயே எழுதியிருந்தார். "என் தப்புதான்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து மாலைக்குள் திருத்தினார். மறுபடி ஓட்டியபோது முதல் ஜன்னலுக்குப் புடவை கிடைத்தது. இரண்டாவதில் "வேறொருவர் எடுத்து வைத்திருக்கிறார்" என்று வந்தது. பச்சை!

வெள்ளிக்கிழமை தளம் திறந்த ஒரு மணி நேரத்திலேயே அரக்குப் புடவை ஒன்றுக்கு இரண்டு வீட்டார் போட்டி போட்டார்கள். ஒருவருக்குத்தான் போனது. சிட்டிபாபுவுக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று சாயங்காலம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, போன் எடுக்க ஆள் தேவை என்று விளம்பரம் எழுதச் சொன்னார்.

"அப்போ மேரி, சார்?"

"அவங்க பாக்காம இனிமே ஒரு தளமும் வெளிய போவாதுப்பா" என்றார்.