புற்றடி விளக்கும் மண்ணீரலும்

என் கணவரிடம் நான் முதலில் கண்டது காய்ச்சலை அல்ல, மெலிவை. மயிலிட்டியில் சொந்தப் படகில் கடற்றொழில் செய்தவர். கழுத்துப் பட்டி தளர்ந்த சேட்டோடு கரைக்கு வரத் தொடங்கினார். வயிறு மட்டும் இடது பக்கமாகப் பெருத்தது. தின்பதெல்லாம் ஒரே இடத்தில் தங்குகிறதாக்கும் என்று பகிடி பண்ணினேன். அவரும் சிரித்தார். அதை நினைத்தால் இன்றும் என் வாயிலேயே அடிக்க வேண்டும் போலிருக்கிறது.

பிறகுதான் காய்ச்சல் வந்தது. பின்னேரம் ஏறும், காலையில் இறங்கும். எங்கள் பக்கத்தில் காய்ச்சல் என்றால் டெங்குதான். வேறு காய்ச்சல்களும் உலகத்தில் உண்டென்பதே எங்களுக்கு மறந்துபோய்விட்டது. டெங்கு நுளம்பு பெருகாதபடி வாளி, சிரட்டை, பூச்சாடித் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டேன். இரத்தப் பரிசோதனையில் டெங்கு இல்லை, மலேரியாவும் இல்லை. மாத்திரை போட்டால் இரண்டு நாள் குறையும், மூன்றாம் நாள் திரும்பி வரும். நான்கு மாதம் இப்படியே போனது.

புற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கால்நூற்றாண்டுக்கு மேல் இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்த எங்கள் காணி திரும்பக் கிடைத்தபோது, வீட்டில் மிஞ்சியிருந்தது நாலு சுவர்தான். பழைய சாமியறை மூலையில் நெஞ்சளவு உயரத்துக்குக் கறையான் புற்று எழும்பியிருந்தது. நாங்கள் இல்லாத காலமெல்லாம் பாம்புத் தெய்வமான நாகதம்பிரான்தான் வளவைக் காத்தார் என்று நம்பினேன். புற்றைத் தொடாமல் பக்கத்தில் புது வீடு கட்டினோம். பொழுதுபடும் நேரம் புற்றடியில் விளக்கேற்றுவது அவருடைய வேலை. கோயிலில் ஆண்கள் கழற்றுவதுபோல இங்கேயும் சேட்டைக் கழற்ற வேண்டும் என்று சொன்னது நான்.

காய்ச்சல் விடாதபோது இன்னொன்றும் செய்தேன். நாற்பத்தெட்டு நாள், விளக்கேற்றிவிட்டு வெறும் மேலோடு புற்றடியில் அரை மணி நேரம் இருப்பார் என்று அவருக்காக நேர்த்தி வைத்தேன். அவர் நடுங்கிக்கொண்டே இருந்தார். ஒரு நாளும் தவறவிடவில்லை.

பெரியாஸ்பத்திரியில் ஒரு பெண் மருத்துவர் அவருடைய இடது விலாவுக்குக் கீழே கைவைத்து அழுத்திப் பார்த்தார். மண்ணீரல் (பழுதான இரத்த அணுக்களை வடிகட்டும் உறுப்பு) தொப்புள்வரை வீங்கியிருந்தது. இடுப்பெலும்பில் ஊசி ஏற்றி என்புமச்சை (எலும்புக்குள் இரத்தம் ஊறும் இடம்) எடுத்தார்கள். நோயின் பெயர் உள்ளுறுப்பு லீஷ்மேனியாசிஸ் (மணல் ஈ கடிப்பதால் பரவும் ஒட்டுண்ணி நோய்). இலங்கையில் இது தோலில் புண்ணாக வருவதுதான் வழக்கம். உள்ளுறுப்புகளுக்குப் போவது மிக அரிது என்பதால் கண்டுபிடிக்கச் சுணங்கிவிட்டது என்றார்.

மணல் ஈ என்றதும் கடற்கரையைத்தான் நினைத்தேன். மருத்துவர் இல்லையென்றார். நுளம்பைவிடச் சிறியது, சத்தமில்லாதது, பொழுதுபட்டபின் கடிக்கும். தண்ணீரில் அல்ல, ஈரமான மண்ணில் பெருகும். சுவர் வெடிப்பு, மாட்டுக்கொட்டில், கறையான் புற்று என்று அது ஒதுங்கும் இடங்களை அவர் சொல்லிக்கொண்டே போனார். மூன்றாவதைக் கேட்டதும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

கணவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவர் போனபின் சொன்னார்:

"நீர் சொன்னதுக்காக நான் அதிலை இருக்கேல்லை. கடலுக்குப் போறதுக்கு முன்னம் அதிலை கொஞ்ச நேரம் இருக்க எனக்கு விருப்பம். உதை யோசிச்சு மனதைக் குழப்பாதையும்."

அவர் கடவுள் நம்பிக்கை அதிகம் இல்லாத மனிதர். அவர் சொன்னது பொய் என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தேத்தண்ணி ஆற்றிக் கொடுத்தேன்.

சேலைனோடு மருந்து ஏற்றினார்கள். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. மீன் குழம்பு கேட்டார். பிழைத்துவிட்டார் என்றே நினைத்தேன். ஆனால் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் அவருடைய இரத்தத்தில் ஏற்கெனவே மிகக் குறைந்திருந்தன. நெஞ்சில் சளி கட்டி நியூமோனியா (நுரையீரல் அழற்சி) ஆனது. ஆறு நாளில் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சில வாரங்களில் என் முழங்கையில் ஒரு பரு வந்தது. நோகவில்லை, அரிக்கவும் இல்லை. நடுவில் பொருக்குக் கட்டியது. இப்படி நோகாத புண் உங்களுக்கு இருந்தால் தயவுசெய்து காட்டுங்கள். நோகாததை யார் காட்டப் போகிறார்கள் என்பதுதான் இந்த நோயின் வசதி. எனக்கும் அதே ஒட்டுண்ணிதான். வாராவாரம் புண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். ஆறிவிட்டது.

அவருக்கு உள்ளே போனது எனக்கு ஏன் தோலோடு நின்றது என்று கேட்டேன். மருத்துவர் மழுப்பவில்லை.

"அது எங்களுக்கும் இன்னும் தெரியாது அம்மா. அதைத்தான் தேடுறம்."

அந்த ஆராய்ச்சிக்காகப் புற்றடியில் பொறி வைக்கலாமா என்று கேட்டார்கள். சின்ன விளக்கும் விசிறியும் பூட்டிய பொறி. வெளிச்சத்துக்கு வரும் ஈயை விசிறி உள்ளே இழுத்துவிடும். நாகதம்பிரான் கோபிப்பார் என்று சொந்தக்காரர் தடுத்தார்கள். அவர் கோபிக்க எங்கள் வீட்டில் இனி யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். பொறியை வைத்தார்கள்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியவேண்டியிருந்தது. அவரைக் கடித்தது அந்தப் புற்றில் இருந்த ஈயா? நான் கழற்றச் சொன்ன சேட்டா அவரைக் கொன்றது?

மாதங்கள் கழித்து மருத்துவர் வீட்டுக்கே வந்தார். பொறியில் மணல் ஈ விழுந்திருந்தது, ஆனால் ஒன்றிலும் நோய்க் கிருமி இல்லை என்றார். அப்படியானால் நான் காரணம் இல்லையா என்றேன். அதையும் சொல்ல முடியாது என்றார். ஒரு மணல் ஈ சில வாரம்தான் உயிரோடு இருக்குமாம். கடித்து நோய் வெளியே தெரிவதற்கோ பல மாதம் ஆகலாம். அவரைக் கடித்த ஈ, அவருக்கு முதல் காய்ச்சல் வருமுன்னே செத்திருக்கும்.

நேர்த்தி வைத்த நாளில், வாளி கவிழ்த்த நாளில், நான் பகிடி பண்ணிய நாளில்கூட எல்லாம் முடிந்துதான் இருந்ததோ என்னவோ. நோய் தொடங்கிய நாள் என்று ஒன்று இப்போது என்னிடம் இல்லை. நாங்கள் நன்றாக இருந்ததாக நினைத்த நாட்களை ஒவ்வொன்றாக எடுத்து, இதிலா, இதிலா என்று பார்க்கிறேன்.

குளிக்கும்போது இடது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து அழுத்திப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. கையில் ஒன்றும் தட்டுப்படுவதில்லை. எனக்குச் சுகம். அவரைக் கடித்த ஈ எப்போதோ செத்துவிட்டது. கோபப்படுவதற்கு என் கைக்கு எட்டும் தூரத்தில் இந்த உடம்பு மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது.