கொடுக்க வேண்டிய உடம்பு

நெய்வேலி டவுன்ஷிப்பில் மரியபுஷ்பத்தைப் போல ஒருசந்தி இருக்க ஆளில்லை. தவக்காலம் வந்துவிட்டால் ஒரு வேளைக் கஞ்சியோடு நாளை ஓட்டிவிடுவாள். அதனால்தான் புதுச்சேரி டாக்டர் சொன்னபோது அவள் அசரவில்லை. கணவன் ஆனந்த்ராஜுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, இவளுடையது பொருந்துகிறது. ஆனால் இந்தப் பருமனில் ஒன்றை எடுத்தால் மிச்சமுள்ளது தாங்காது, பத்து கிலோ குறைய வேண்டும் என்றார்.

"இவ்ளோதானா?" என்று சிரித்தாள். 

அந்த உடம்பு சும்மா வந்ததல்ல. ஆனந்த்ராஜுக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. பிள்ளைகளோடு அவளுக்கு ஒரு சாப்பாடு. செகண்ட் ஷிப்ட் முடிந்து ராத்திரி அவன் வந்ததும் துணைக்கு இன்னொரு சாப்பாடு. தனியாகச் சாப்பிட அவனுக்குப் பிடிக்காது, அப்படி விட அவளுக்கும் மனம் வராது. குவார்ட்டர்ஸில் பாதிப் பெண்களின் இடுப்பு இந்தக் கதையைத்தான் சொல்லும்.

அந்த 2014 தவக்காலத்தில் எடை மளமளவென்று இறங்கியது. ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதற்குள் ஆனந்த்ராஜுக்குக் காய்ச்சல் கண்டு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. எல்லாம் தள்ளிப்போனது. அதற்குள் ஈஸ்டர் வந்தது. பிரியாணி ஒரு நாளோடு போயிற்று, பசி போகவில்லை. உப்பில்லாத சோற்றை அவனோடு உட்கார்ந்து தின்பாள். அவன் கண்ணயர்ந்ததும் அடுப்படியில் நின்றபடியே ஊறுகாயும் குழம்புமாகப் பிசைந்து விழுங்குவாள். அவன் தொட முடியாததை அவன் எதிரில் தின்னக் கூச்சம். போன எடை கூடுதலாகவே திரும்பி வந்தது.

"எம் மேலயே ஆத்திரமா வருது. இன்னொரு மாசம் பட்டினி கெடக்கறேன்" என்று டயாலிசிஸ் வார்டில் நர்ஸ் ஷைனியிடம் அழுதாள்.

"வேணாங்க்கா. பட்டினி போட்டா ஒடம்பு பயந்துக்கினு பசியத்தான் கூட்டும். இது உங்க தப்பு இல்ல. சோத்தக் கொறைச்சி, காயும் பருப்பும் வவுறு நெறய சாப்புடுங்க. நடங்க. ஆயுசுக்கும் செய்ய முடியறத மட்டும் செய்ங்க. மெதுவாத்தான் எறங்கும், ஆனா நிக்கும்."

"மெதுவான்னா?"

"ஒரு வருஷம் ஆவுங்க்கா."

மரியபுஷ்பம் கட்டிலைப் பார்த்தாள். ஆனந்த்ராஜ் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

வேறு வழியில்லாமல் அந்த வழியைப் பிடித்தாள். "இனிமே நான் தனியாவே சாப்புட்டுக்கறேன். நீ பக்கத்துல குந்திக்கினு சும்மா பேசு, போதும்" என்றான் அவன். பஸ்ஸை விட்டுவிட்டு மார்க்கெட்டுக்கு நடந்தே போனாள். சில மாதம் எடை அசையவே இல்லை. அப்போதும் அவள் பட்டினிக்குப் போகவில்லை. பிறகு அது மறுபடி இறங்கத் தொடங்கியது. அவளுக்கு அதில் மகிழத்தான் முடியவில்லை. அவன் சட்டைகள் தொளதொளத்துக்கொண்டே வந்தன. இன்னும் இளைத்தால் ஆபரேஷனை அவர் தாங்கமாட்டார் என்று டாக்டர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

டயாலிசிஸுக்கு முன்னால் அவனை எடைபோடுவார்கள். அவன் இறங்கியதும் அவளும் ஏறிப் பார்ப்பாள். ஒரு நாள் ஷைனி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் மூணே கிலோதாங்க்கா!" என்றாள்.

"அவுருக்கு?"

ஷைனி ஊசியை எடுக்கப் போய்விட்டாள்.

மரியபுஷ்பம் அவனைத் தாங்கிக் கட்டிலில் உட்காரவைத்தாள். தாங்குவதற்கு அதிகம் இருக்கவில்லை.

"ஏங்க, இன்னும் மூணு கிலோதான். அதுவரைக்கும் நீங்க எளைக்காம இருங்க" என்றாள்.