ஹக்கீமாவின் ஒற்றைப் பெயர்

ஹக்கீமாவை நான் இதுவரை நேரில் கண்டதில்லை. ஆயினும் அவள் தேநீரில் சர்க்கரை கலப்பதில்லை என்பதும், மிட்டாயொன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் குடிப்பாள் என்பதும், பதில் தெரியாத கேள்விக்கு இடப்புருவத்தை மட்டும் உயர்த்துவாள் என்பதும் எனக்குத் தெரியும். சனிக்கிழமை மாலைகளில், அமெரிக்காவின் சன்னிவேலில், யாமினியின் மடிக்கணினித் திரையில் அறிந்துகொண்டவை இவை. ஹக்கீமா இருக்கும் பாகிஸ்தானின் குவெட்டாவில் அப்போது ஞாயிற்றுக்கிழமைக் காலை.

யாமினி எங்கள் குடியிருப்பில் வசிக்கும் மென்பொருள் பொறியாளர். ஆப்கானியப் பெண்களுக்கு இணையவழியில் நிரல் எழுதக் கற்பிக்கும் தன்னார்வக் குழுவில் இருக்கிறாள். ஹக்கீமா அவளுடைய மாணவி. இருபத்துமூன்று வயது, ஹசாரா இனத்தவள். ஆப்கானிஸ்தானத்தின் நடுமலைப் பகுதியைச் சேர்ந்த அவ்வினத்தார் முகத்தோற்றத்தாலும் சமயப் பிரிவாலும் பல தலைமுறைகளாகத் துன்புறுத்தப்படுபவர்கள். ஹக்கீமா காபூலில் மருத்துவச்சிப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடப்பட்டது. பமியான் மலைச்சாலையில் லாரி ஓட்டிய தந்தை அதற்கு முன்பே இறந்துவிட்டார். தாய்மாமனோடு எல்லையைக் கடந்து குவெட்டாவுக்கு வந்தாள்.

ஐந்து பேர் பொறுப்பேற்றுக் கையொப்பமிட்டால் அகதி ஒருவரை அமெரிக்காவுக்கு வரவழைக்கலாம் என்னும் திட்டம் அப்போது இருந்தது.

“ஆன்ட்டி, நாலு பேர் ரெடி. நீங்க ஜாயின் பண்ணா அஞ்சு. சிட்டிசன்தானே நீங்க?” என்றாள் யாமினி.

“ஆமாம். நான் என்ன செய்யணும்?”

“ஏர்போர்ட் வரணும், வீடு தேடணும், மூணு மாசம் கூட நிக்கணும். சாப்பாடு உங்க டிபார்ட்மென்ட்.”

“அந்தப் பொண்ணு காரம் சாப்பிடுவாளா?”

“முதல்ல வரட்டும் ஆன்ட்டி!”

விண்ணப்பத்தை நிரப்பும் பொறுப்பு இயல்பாகவே சந்தானத்திடம் சென்றது. கணினிச் சில்லு தயாரிக்கும் நிறுவனத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்; குழுவில் மூன்றாமவர். கிரீன் கார்டு, பெற்றோர் விசா, பெயர் மாற்றம் என எங்கள் குடியிருப்பில் அவர் கைபடாத விண்ணப்பம் குறைவு. அதற்கு ஒரு காரணம் உண்டு. அவருடைய கடவுச்சீட்டில் ‘சந்தானம்’ என்னும் ஒரே பெயர்தான் இருந்தது. இந்நாட்டுக் கணினி அதனைக் குடும்பப்பெயராகக் கொண்டு, ‘முதற்பெயர் தெரியாது’ என்பதைக் குறிக்கும் எஃப்.என்.யூ. என்ற மூன்றெழுத்தை முன்னால் ஒட்டிவிட்டது. ஓட்டுநர் உரிமம் முதல் மருந்துக்கடை வரை அவர் ‘மிஸ்டர் ஃப்னூ’ ஆனார். குடியுரிமை பெற்ற நாளில்தான் தந்தையின் பெயரைச் சேர்த்து அதிலிருந்து விடுபட்டார்.

“கட்டத்தை காலியா விட்டா செத்தோம். அப்பா பேரைப் போடு, ஆளைக் காப்பாத்து. என் எக்ஸ்பீரியன்ஸ்” என்பார்.

ஹக்கீமாவும் அவரை விடவில்லை. தன் மொழியில் சித்தப்பாவை அழைப்பதுபோல் ‘காக்கா சந்தானம்’ என்று ஒருநாள் அன்போடு அழைத்தாள். யாமினி சிரித்துச் சிரித்துத் திரையைவிட்டே எழுந்து போனாள்.

“பதினேழு வருஷம் ஃப்னூ, இப்ப காக்கா. நடத்துங்க” என்றார் சந்தானம்.

ஹக்கீமாவின் அகதிப் பதிவுச் சீட்டிலும் ஒரே பெயர்தான் இருந்தது. குடும்பப்பெயர்க் கட்டத்தைக் கண்டதும் சந்தானம் தயங்கவில்லை. அவள் தந்தையின் பெயரான ‘இவாஸ்’ என்பதை நிரப்பினார். எங்களில் எவருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை. இந்நாட்டில் வாழும் தமிழர் வீடுகளில் பாதிக்குமேல் தந்தையின் பெயரே குடும்பப்பெயர். எனக்குக் கணவரின் பெயர். 2024 ஜூலையில் அனுப்பினோம். அக்டோபரில் அது திரும்பி வந்தது. பதிவுச் சீட்டில் உள்ள பெயரும் விண்ணப்பத்தில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை.

அன்று மாலை சந்தானம் திரைக்கு முன் அமர்ந்து, “தப்பு என்னோடதும்மா” என்று ஆங்கிலத்தில் சொன்னார். தமிழர் தந்தை பெயரை எப்படிப் பயன்படுத்துவோம் என்பதையும் விளக்கினார். அவள் கோபப்படவில்லை, வியப்போடு கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னவற்றை இங்கே தமிழில் தருகிறேன்.

“எங்கள் ஊரில் வெளியார் முன்னால் பெண்ணின் பெயரைச் சொல்வதற்கே பலர் கூச்சப்படுவார்கள். மருத்துவர் எழுதித்தரும் சீட்டில்கூட என்னை ‘இவாஸின் மகள்’ என்றுதான் எழுதினார்கள். ‘ஹக்கீமா’ என்று மட்டும் எழுதிய முதல் அரசாங்கக் காகிதம் அந்தப் பதிவுச் சீட்டுதான். அப்பாவை எனக்கு மிகவும் பிடிக்கும், காக்கா. ஆனால் அந்தக் கட்டத்தில் அவர் உட்கார்ந்தால் எனக்கு இடமில்லாமல் போகிறது.”

“என்னைக் கேட்டிருக்கலாமே” என்று கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்தாள். விண்ணப்பத்தை அனுப்பும் முன்பே இரண்டு மாதங்களாக ஒவ்வொரு வாரமும் அவளோடு பேசியிருந்தோம். அவள் உண்ணும் ரொட்டி, அவள் தெருவின் சோதனைச் சாவடி, அந்தத் தெருவில் பனி பெய்யுமா என்பது வரை எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்ட நான், அவள் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று கேட்கவில்லை.

மறுவாரம் சந்தானம் தம் கையாலேயே முதற்பெயர்க் கட்டத்தில் எஃப்.என்.யூ. என்று தட்டச்சிட்டு, குடும்பப்பெயர்க் கட்டத்தில் ஹக்கீமா என்று எழுதி அனுப்பினார். ஒப்புகை வந்தது. நான் அவளுக்கெனக் கம்பளிப் போர்வை ஒன்றை வாங்கி வைத்தேன். 2025 ஜனவரியில் அத்திட்டமே நிறுத்தப்பட்டது.

அந்த மூன்று மாதத் தாமதம் இல்லாதிருந்தால் அவள் வந்திருப்பாளா? இதனைப் பலரிடம் கேட்டேன், எவருக்கும் தெரியவில்லை. சந்தானம் மட்டும் தமக்குத் தெரியும் என்பதுபோல் நடந்துகொண்டார். இரண்டு சனிக்கிழமைகள் அவர் வரவில்லை. மூன்றாம் வாரம் ஹக்கீமாவே அவரை அழைத்து வரச் சொன்னாள்.

“காக்கா, பெயரைச் சரியாக எழுதியவர்களும் என் தெருவில்தான் இருக்கிறார்கள். எட்டுக் குடும்பங்கள். எங்கள் எல்லோருக்கும் ஒரே நாளில்தான் கதவு மூடியது. நீங்கள் தனியாக அழ வேண்டாம், இங்கே கூட்டம் இருக்கிறது.”

“இந்தப் பொண்ணு வாய் இருக்கே!” என்றார் சந்தானம், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பாகிஸ்தானில் ஆப்கானியரைத் திருப்பியனுப்பும் சோதனைகள் மிகுந்தன. அவள் அறை மாறினாள். இணைய இணைப்புக்காக மொட்டைமாடியில் நின்று பேசினாள். கனடாவில் இருக்கும் என் தங்கை மகள் ரக்ஷா பல இடங்களில் விசாரித்தாள். முடிவில், ஆண்டுக்குச் சில அகதிகளை வரவழைக்கும் அங்குள்ள ஒரு தேவாலயம் ஹக்கீமாவின் பெயரைப் பரிந்துரைக்க இசைந்தது. வரிசை நீளம், உறுதி எதுவுமில்லை. ஆனால் அந்தக் கதவு திறந்திருந்தது.

விண்ணப்பத்தின் முதற்பக்கம் திரையில் விரிந்தது. குடும்பப்பெயர் என்ற கட்டம் அங்கும் இருந்தது. சந்தானம் விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டார்.

“நீயே சொல்லும்மா. என்ன எழுதணும்? எந்தக் கட்டத்துல?”

அவள் இடப்புருவத்தை உயர்த்தவில்லை. பதிவுச் சீட்டைத் திரைக்கருகில் பிடித்துக்கொண்டு, குடும்பப்பெயர்க் கட்டத்தில் ‘ஹக்கீமா’ என்று மட்டும் எழுதும்படி ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். அவர் தட்டச்சிட்டார், நான் சீட்டோடு ஒப்பிட்டேன், யாமினி மறுபடியும் ஒப்பிட்டாள். பக்கத்தின் கீழே தந்தையின் பெயருக்கெனத் தனியே ஒரு கட்டம் இருந்தது. அதைக் கண்டதும் ஹக்கீமா நிமிர்ந்து அமர்ந்தாள்.

“இங்கே எழுதுங்கள், காக்கா. இவாஸ்” என்றாள்.